எல்விஸ் எங்கேயும் தப்பிப் போகவில்லை

நேற்று ராத்திரி சித்தப்பா பையன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு சர்ச், நரைத்த தலையோடு ஒரு பாஸ்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடுகிறார், நல்ல கனமான குரல். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அண்ணா, நீங்கதான் எல்விஸ் பாட்டுன்னா உயிரை விடுவீங்களே, கண்ணை மூடிட்டுக் கேளுங்க, அவரேதான்!" கேட்டேன். குரல் ஓரளவு ஒத்துத்தான் போகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். 1977இல் இறந்துபோன அமெரிக்கப் பாடகர் எல்விஸ் நிஜத்தில் சாகவில்லை, செத்த மாதிரி நடித்துவிட்டு எங்கேயோ ஒளிந்து வாழ்கிறார் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், இந்த பாஸ்டர்தான் அவர் என்பது அதில் ஒரு கதை. ஆனால் அந்த பாஸ்டரே தான் எல்விஸ் இல்லை என்று எப்போதோ சொல்லிவிட்டார். வயதும் ஒத்துவரவில்லை. எல்விஸ் பிரெஸ்லி பிறந்தது 1935 ஜனவரி 8, இன்றைக்கு இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருப்பார். பாடிக்கொண்டிருக்கிறவரைப் பார்த்தால் அப்படித் தெரியவே இல்லை.

தம்பிக்கு ரெண்டு வரி பதில் போடலாம் என்று ஆரம்பித்தேன், முடியவில்லை. பல வருஷமாக மனசில் கிடக்கிற விஷயம் இது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். 1977 ஆகஸ்ட் 16, மெம்ஃபிஸ் நகரில் அவருடைய கிரேஸ்லேண்ட் வீடு. அன்று சாயங்காலம் அவர் விமானம் ஏறி மெய்ன் மாநிலத்தின் போர்ட்லாண்டுக்குப் போக வேண்டும், மறுநாள் அங்கே கச்சேரி. மதியம் ரெண்டு மணி சுமாருக்கு, அவர் கட்டிக்கொள்ள இருந்த ஜிஞ்சர் ஆல்டன் மாடி பாத்ரூமில் அவர் விழுந்து கிடப்பதைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் என்னென்னவோ செய்து பார்த்து, மூன்றரை மணிக்கு இறந்துவிட்டதாக அறிவித்தார்கள். வயது 42. ஒன்பது வயது மகள் லிசா மேரி அன்று அதே வீட்டில்தான் இருந்தாள்.

இதை நம்பாதவர்கள் சொல்கிற 'ஆதாரங்கள்' நிறைய. நான் எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்திருக்கிறேன். அதிகம் அடிபடுவது கல்லறைக் கல். அவருடைய நடுப்பெயர் ஏரன். பிறந்தபோது அதை ஆங்கிலத்தில் ஒற்றை ஏ போட்டு எழுதினார்கள், கல்லறையில் இருப்பது இரட்டை ஏ. உயிரோடு இருக்கிறவன் பெயரைக் கல்லறையில் பொறித்தால் ஆகாது என்று வேண்டுமென்றே தப்பாக எழுதினார்கள் என்பது வாதம். ஆனால் அந்த ஒற்றை ஏக்குப் பின்னால் ஒரு குழந்தை இருக்கிறது. எல்விஸ் இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர். முதலில் பிறந்த ஜெஸ்ஸி கேரன் இறந்தே பிறந்தான். கேரனோடு சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்றுதான் இவருக்கு ஏரன். பைபிளில் வருகிற மாதிரி இரட்டை ஏ போட்டுக்கொள்ள எல்விஸுக்கே பின்னாளில் ஆசை இருந்தது, அப்பா வெர்னன் கல்லில் அப்படியே பொறிக்கச் சொன்னார். அவ்வளவுதான். ஒரு அப்பா மகனுக்காகக் கடைசியாகச் செய்ததைத் துப்பறியும் கதையாக்கிவிட்டார்கள்.

அப்புறம் அந்த டிக்கெட் கதை. இறந்த அன்றே ஜான் பரோஸ் என்ற பெயரில் ஒருவர் அர்ஜென்டினா தலைநகர் பியூனஸ் ஐரிஸுக்கு ஒருவழி டிக்கெட் வாங்கினார் என்கிறார்கள். ஜான் பரோஸ் என்பது எல்விஸ் நிஜமாகவே பயன்படுத்திய பெயர். 1970 டிசம்பரில் அதிபர் நிக்சனைப் பார்க்கப் போனபோது விமானத்திலேயே உட்கார்ந்து அந்த விமானக் கம்பெனியின் தாளில் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். வாஷிங்டன் ஹோட்டலில் ஜான் பரோஸ் என்ற பெயரில் தங்கியிருக்கிறேன் என்று அதில் இருக்கிறது, கடிதம் இன்றும் அமெரிக்க அரசு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. டிக்கெட்டைத்தான் இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கண்ணில் காட்டவில்லை. இந்த மாதிரிக் கதைகளின் பலமே இதுதான், நிஜமான ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்து புடவையே நெய்துவிடுவார்கள்.

சவப்பெட்டியில் இருந்தது மெழுகு பொம்மை, நெற்றியில் வேர்வை மாதிரி முத்து முத்தாக நின்றது, மெழுகு உருகாமலிருக்க உள்ளே ஏசி வைத்திருந்தார்கள், இப்படியும் ஒன்று. மெம்ஃபிஸில் ஆகஸ்ட் என்றால் புழுக்கம் தாங்காது. 17ஆம் தேதி மதியம் கேட்டைத் திறந்து ஜனங்களை உள்ளே விட்டார்கள், ஆயிரக்கணக்கில் வந்தார்கள், ஒவ்வொருத்தருக்கும் கிடைத்தது சில நொடிகள். இறந்தவரை ஒரு முறையாவது அருகில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், தெரிந்த முகம்கூட அப்போது வேறு யாரோ மாதிரிதான் இருக்கும். என் தாத்தாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது, இது தாத்தா இல்லை என்று உள்ளே ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த வரிசையில் நின்ற ரசிகர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், அவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். மறுநாள் விடியற்காலை வரை தெருவில் நின்றவர்கள் மேல் ஒரு கார் பாய்ந்து ரெண்டு பெண்கள் செத்தே போனார்கள். அந்த அளவுக்கு நேசித்த கூட்டம் அது.

ஆனால் சந்தேகத்துக்கு வழி திறந்துவிட்டது ரசிகர்கள் இல்லை. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

இறந்த அன்று ராத்திரி, பிரேதப் பரிசோதனை முழுசாக முடியும் முன்பே, மாவட்ட மருத்துவ அதிகாரி ஜெர்ரி ஃப்ரான்சிஸ்கோ பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து இதயத் துடிப்பு சீர்கெட்டு இறந்தார் என்று சொல்லிவிட்டார். மருந்துகளுக்குப் பங்கு இல்லை என்பதுதான் அவருடைய நிலை. கொஞ்ச நாளில் ஆய்வக அறிக்கை வந்தது, ரத்தத்தில் பதினான்கு வகை மருந்துகள். பரிசோதனையைக் கேட்டது குடும்பம் என்பதால் அந்த அறிக்கை பொது ஆவணம் இல்லை, குடும்பத்துக்குச் சொந்தமானது என்றாகிவிட்டது. 2027 வரை அது வெளியே வராது என்கிறார்கள். சரி, குடும்பத்தின் வலி புரிகிறது. மகனைப் பறிகொடுத்த வெர்னன் அவன் பெயராவது கெடாமல் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார், அதில் என்ன தப்பு. ஆனால் விளைவு என்ன ஆயிற்று பாருங்கள். எப்படிச் செத்தார் என்பதை மூடி வைத்தார்கள், செத்தாரா என்றே கேட்க ஆரம்பித்தது ஊர். எதையோ மறைக்கிறார்கள் என்று ஜனங்களுக்குப் பட்டது, அது சரியாகவே பட்டது, ஆனால் மறைத்தது எதை என்பதில்தான் தடம் மாறிப் போனார்கள்.

மறைக்கப்பட்டது இதுதான்: 1977இன் முதல் எட்டு மாதங்களில் மட்டும் அவருடைய டாக்டர் ஜார்ஜ் நிகோபொலஸ் அவருக்கு எழுதிக் கொடுத்த மருந்துகள் 10,000 டோஸுக்கும் மேல். தூங்க ஒன்று, எழுந்திருக்க ஒன்று, வலிக்கு ஒன்று, அந்த வலி மருந்து குடலை இறுக்கிவிடும் என்பதால் அதற்கு ஒன்று. கண்ணில் அழுத்த நோய், ரத்தக் கொதிப்பு, வீங்கிப்போன குடல், பெரிதாகிவிட்ட இதயம். 1981இல் நடந்த வழக்கில் டாக்டர் விடுதலையானார், நான் கொடுக்காவிட்டால் வேறு இடத்தில் வாங்கியிருப்பார், கட்டுக்குள் வைக்கத்தான் பார்த்தேன் என்பது அவர் பக்கத்து வாதம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். கடைசியில் 1995இல் அவருடைய மருத்துவ உரிமத்தை நிரந்தரமாகப் பறித்தார்கள். எல்விஸ் போய்ப் பதினெட்டு வருஷம் கழித்து!

இன்னொருவர் மேனேஜர் கர்னல் டாம் பார்க்கர். 1967இலிருந்து எல்விஸின் சம்பாத்தியத்தில் பாதிக்குப் பாதி எடுத்துக்கொண்டவர். 1969இலிருந்து எட்டு வருஷத்தில் ஆயிரத்துக்கும் மேல் கச்சேரி, ஆனால் அமெரிக்காவை விட்டு வெளியே என்று பார்த்தால் 1957இல் கனடாவில் பாடியதோடு சரி. உலகமே கூப்பிட்டது, போகவில்லை. காரணத்தைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். இந்தக் கதையில் நிஜமாகவே ஆளையே மாற்றிக்கொண்டு வாழ்ந்தவர் பார்க்கர்தான். அவர் அமெரிக்கரே இல்லை, நெதர்லாந்தில் பிரேடா என்ற ஊரில் பிறந்த ஆந்திரியாஸ் வான் குய்க். இருபது வயது வாக்கில் வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி, காகிதம் எதுவும் இல்லாமல் அமெரிக்காவுக்குள் நுழைந்து, புதுப் பெயர், புதுப் பிறந்த ஊர் என்று ஆகிவிட்டார். பாஸ்போர்ட் எடுக்கப் போனால் குட்டு உடைந்துவிடும், அதனால்தான் எல்விஸையும் வெளிநாட்டுக்கு விடவில்லை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. காணாமல் போய் வேறு ஆளாக வாழ்ந்த ஒரு மனிதர் எல்விஸின் பக்கத்திலேயே இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார், அவரை விட்டுவிட்டு எல்விஸ் ஓடிப்போய்விட்டார் என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த நம்பிக்கை உயிரோடிருந்த ஒரு மனிதனை எப்படி விழுங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். ஜிம்மி எல்லிஸ் என்று அலபாமாவில் ஒரு பாடகர். பாவம், பிறவியிலேயே அவருக்கு எல்விஸ் குரல், நடிப்பு எதுவும் இல்லை, வாயைத் திறந்தால் அப்படித்தான் வரும். எல்விஸ் இருந்தவரை, ஒன்றுக்கு இன்னொன்று எதற்கு என்று எந்தக் கம்பெனியும் சீண்டவில்லை. எல்விஸ் போனதும் சன் ரெக்கார்ட்ஸின் அப்போதைய முதலாளி ஷெல்பி சிங்கிள்டன் அவரைப் பிடித்தார். எல்விஸ் முதன்முதலில் பாடிய அதே கம்பெனிப் பெயர்தான், கைதான் மாறியிருந்தது. எல்லிஸுக்குக் கண்ணை மறைக்கும் முகமூடி ஒன்றை மாட்டி, ஓரியன் என்று பெயர் வைத்து மேடை ஏற்றினார்கள். முதல் ஆல்பத்தின் அட்டையில் திறந்த சவப்பெட்டி. வேறென்ன வேண்டும், செத்த மாதிரி நடித்துவிட்டு முகமூடியோடு திரும்பி வந்துவிட்டார் என்று ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

எல்லிஸின் பாட்டை நான் தேடித் தேடிக் கேட்டிருக்கிறேன். அருமையான பாடகர். ஆனால் கை தட்டியவர்களில் எத்தனை பேர் அவருக்காகத் தட்டினார்கள்? வேர்வை வழிய மேடையில் நின்று, தன் தொண்டையால் தானே பாடி, கேட்கிறவர்கள் இன்னொருவர் பெயரை மனசுக்குள் சொல்லிக்கொண்டிருப்பது தெரிந்தே அடுத்த பாட்டுக்குப் போக வேண்டும். சில வருஷத்தில் பொறுக்க முடியாமல் முகமூடியைக் கழற்றி எறிந்தார், அதோடு கூட்டமும் கரைந்தது. பின்னாளில் ஊர்ப்பக்கம் அடகுக் கடை நடத்திக்கொண்டிருந்தார், 1998 டிசம்பரில் கொள்ளையடிக்க வந்தவர்கள் கடையிலேயே சுட்டுக் கொன்றார்கள். செத்த பாடகர் உயிரோடு இருக்கிறார் என்று நம்ப ஆயிரம் பேர் இருந்தார்கள், உயிரோடு இருந்த பாடகரைப் பார்க்க ஆள் இல்லை.

1988இல்தான் இது பெரிய அலையாக எழுந்தது. கெயில் ப்ரூவர்-ஜியோர்ஜியோ என்ற எழுத்தாளர் எல்விஸ் உயிரோடிருக்கிறாரா என்று ஒரு புத்தகம் போட்டார், கூடவே எல்விஸ் குரல் என்று ஒரு கேசட். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ பக்கம் ஒரு அம்மா, எல்விஸ் சூப்பர் மார்க்கெட் வரிசையில் வெள்ளை உடுப்போடு நின்று ஃபியூஸ் வாங்கிக்கொண்டிருந்தார் என்று சொன்னார். அந்த அம்மா பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. எல்விஸ் ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, கடை வரிசையில் நின்று வீட்டுக்கு ஃபியூஸ் வாங்கியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவருக்கு அதெல்லாம் கிடைக்கவே இல்லை.

தம்பி, நீ அனுப்பிய வீடியோவில் எனக்கு வலித்தது இதுதான். அவர் தப்பித்துவிட்டார் என்று சொல்லும்போது கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் அந்தப் பாத்ரூம் தரை பொய்யாகிவிடுகிறது, பத்தாயிரம் மாத்திரை பொய்யாகிவிடுகிறது, பாதிப் பணம் வாங்கிக்கொண்டு அடுத்த கச்சேரிக்குத் தேதி குறித்தவருக்குப் பொறுப்பே இல்லாமல் போகிறது. அந்த ஒன்பது வயதுப் பெண்ணையும் நினைத்துப் பார். அப்பா போனார், 1979இல் தாத்தா வெர்னன் போனார், 2020இல் தன் மகனையே பறிகொடுத்தாள், 2023 ஜனவரியில் அவளும் போய்விட்டாள். எல்லோரும் கிரேஸ்லேண்டில் அந்த ஒரே தோட்டத்தில் பக்கம் பக்கமாகக் கிடக்கிறார்கள். தன் அம்மா கிளாடிஸ் 1958இல் இறந்தபோது சவப்பெட்டியை விட்டு நகர மாட்டேன் என்று கதறிய மனிதர் எல்விஸ். அப்படிப்பட்டவர் மகளின் அடக்கத்துக்குக்கூட வராமல் எங்கேயோ ஒளிந்துகொண்டிருப்பார் என்று நம்ப அவர் மேல் எவ்வளவு குறைவான மரியாதை வேண்டும்.

நீ கேட்க வேண்டியது வேறு ஒரு வீடியோ. 1977 ஜூன் 21, சவுத் டகோட்டாவில் ரேபிட் சிட்டி. டிவிக்காகப் படம் பிடித்தார்கள். வெள்ளை உடுப்பு உடம்பில் பிதுங்குகிறது, முகம் ஊதியிருக்கிறது, பேசும்போது வார்த்தை குழறுகிறது. போய் பியானோ முன்னால் உட்காருகிறார். மைக் ஸ்டாண்ட் இல்லை, நண்பர் சார்லி ஹாட்ஜ் பக்கத்தில் குனிந்து மைக்கை அவர் வாய்க்கு நேராகக் கையில் பிடித்துக்கொண்டே நிற்கிறார், பாட்டு முடியும் வரை. ஒரு பழைய காதல் பாட்டு. விரல்கள் கட்டையை அழுத்துகின்றன, வேர்வை கன்னத்தில் வழிகிறது, உச்ச ஸ்வரம் வருகிற இடத்தில் இந்த உடம்பால் முடியாது என்று நமக்கே பயமாக இருக்கிறது, அவர் கண்ணை மூடிக்கொண்டு எட்டிப் பிடித்துவிடுகிறார். பிடித்ததும் சின்னப் பையன் மாதிரி ஒரு சிரிப்பு.

அதற்குப் பிறகு சரியாக எட்டு வாரம்தான் இருந்தார்.