டேமன் வாயைத் திறந்தால் எனக்கு வேலை

ஆகாயக் கப்பல் மொழிபெயர்ப்பைப் பாதி முடித்த பிறகுதான் அடுத்த பதிவு என்று சொல்லியிருந்தேன். முடியவில்லை. மூன்று வாரமாக, கதையில் வரும் டேமன் என்ற ஒரே ஆள் வழிமறித்து நிற்கிறார்.

டாம் ஸ்விஃப்ட் என்ற இளம் கண்டுபிடிப்பாளனின் சாகசக் கதை வரிசையில் 1910-ல் வந்த மூன்றாவது கதை இது. அட்டையில் விக்டர் ஆப்பிள்டன் என்று புனைபெயர், எழுதியவர் ஹோவர்ட் கேரிஸ். வர்ணனை குறைவு, ஓட்டம் அதிகம். ஒரு மாலைக்கு நாலு பக்கம் சுலபமாக நகரும், டேமன் வாயைத் திறக்கும்வரை.

மனிதர் பதறும்போதெல்லாம் எதையாவது ஆசீர்வதிப்பார். ஷூ கயிறு, கழுத்துப்பட்டை, ஈரல், எதையும் விட்டுவைப்பதில்லை. ஆங்கிலத்தில் ‘பிளஸ் மை’ என்று இரண்டே சொல். பின்னால் எதை ஒட்டினாலும் சிரிப்பு வரும். தமிழில் ‘என் ஷூ கயிறு ஆசீர்வதிக்கப்படுவதாக’ என்று எழுதினால் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம். ‘வாழ்க என் கழுத்துப்பட்டை’ என்றால் கட்சி மேடை. ‘ஷூ கயிறு சத்தியமா’ கொஞ்ச நாள் பிடித்திருந்தது. ஆனால் சத்தியம் என்றதும் ஏதோ வாக்குக் கொடுக்கிற தொனி வந்துவிடுகிறது.

‘ஐயோ, என் ஈரக்குலையே!’ மட்டும் தானாக வந்து உட்கார்ந்தது. அக்கா மகனுக்குப் படித்துக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தான். சரி, அச்சு கிடைத்துவிட்டது என்று ‘ஐயோ, என் ஷூ கயிறே!’ என்றேன். “ஏன் மாமா, அறுந்துபோச்சா?” என்று கேட்டான். அதோடு அந்த அச்சும் போச்சு.

இதற்கு நடுவே இன்னொரு கூத்து. டாமின் கப்பல் பாதி பலூன், பாதி விமானம்: மேலே வாயு, கீழே இரட்டை அடுக்கு இறக்கை. ‘வாயுப்பை’ என்று எழுதிக்கொண்டே போய்விட்டேன். திரும்பப் பார்த்தால் அது அலுமினியமாம்! எல்லா இடத்திலும் ‘வாயுக்கலம்’ என்று மாற்ற ஒரு ராத்திரி போனது. திருவல்லிக்கேணி நடைபாதையில் வாங்கிய கலைச்சொல் அகராதியை நம்பியிருந்தேன். ‘ம’வுக்கு மேல் பக்கங்களே இல்லை. வாயு, விமானம் எல்லாம் அங்கேதானே இருக்கும்!

அடுத்தது நீர்மூழ்கிக் கப்பல் கதை. அதற்கு இப்போதே தனி நோட்டு போட்டாயிற்று, முதல் பக்கத்தையும் செய்துவிட்டேன். ஆகாயக் கப்பலில் டேமன் பேசும் இடங்களைப் பென்சிலால் வட்டம் போட்டு வெற்றாக விட்டிருக்கிறேன். நேற்றுவரை முப்பத்தொரு வட்டம்.