மாமாவின் தோணியில் ஒரு ஜிபிஎஸ்

அத்தான் கனடாவிலிருந்து வந்தால் பெட்டி நிறையச் சொக்கிளேற்றும் முழங்கால் வலிக்குப் பூசும் களிம்பும்தான் இருக்கும். இந்த முறை அவற்றுக்கெல்லாம் மேலே, துவாயில் சுற்றி ஒரு ஜிபிஎஸ் கருவி வந்து இறங்கியது. கைக்கு அடக்கமானது, செம்மஞ்சள் நிறம், கழுத்தில் மாட்டக் கயிறும் உண்டு. தண்ணீரில் விழுந்தாலும் மிதக்குமாம். அத்தானுக்கு அங்கே சிம்கோ ஏரியில் ஒரு சின்னப் படகு இருக்கிறது. கோடை வந்தால் சனி, ஞாயிறு ஆளை வீட்டில் பிடிக்க முடியாது என்று அக்கா குறைப்படுவாள். இந்தக் கருவி இல்லாமல் அவர் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்.

கல்லடியில் எங்கள் மாமாவுக்கு எஞ்சின் பூட்டிய ஒரு பைபர் தோணி உண்டு. மட்டக்களப்பு வாவியில் அவருக்குத் தெரியாத மூலை இல்லை என்பது ஊரறிந்த விஷயம். ஊரறிந்த இன்னொரு விஷயம், இறால் படும் இடம் ஒன்றை அவர் யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கிறார் என்பது. சொந்தக்காரர்கள் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாயிற்று. "அந்தா, அங்கால" என்று வாவி முழுவதையும் சுற்றிக் கை காட்டுவதோடு சரி.

இந்த இரண்டு பேரும் ஒரே தோணியில் ஏறினால் என்ன நடக்கும் என்று நாங்கள் யோசித்திருக்க வேண்டாமா? யோசித்தோம். அதனால்தான் நானும் அக்காவின் மகனும் முண்டியடித்துக்கொண்டு கூடவே போனோம்.

முதல் நாள் இரவு சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு அத்தான் பாதுகாப்பு வகுப்பு எடுத்தார். எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி. போனுக்குத் தண்ணீர் புகாத பை. கருவிக்கு மேலதிகப் பற்றரி. வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கி வைக்க வேண்டும். புறப்படும் துறையைக் கருவியில் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும், திரும்பி வர அதுதான் துணை. எல்லாவற்றையும் விட முக்கியம், எங்கே போகிறோம், எத்தனை மணிக்கு வருவோம் என்று கரையில் இருக்கிற ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது.

கடைசி வரியில் மாமி குசினியிலிருந்து வெளியே வந்தா. "கலியாணம் முடிச்ச நாளில இருந்து நான் இந்த மனிசனிட்டக் கேக்கிறது அதைத்தான் மருமகன். இதைச் சொல்லக் கனடாவில இருந்து ஆள் வர வேண்டிக் கிடக்கு."

மாமா கோழிக்காலில் கவனமாக இருந்தார்.

அத்தான் விடவில்லை. பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதிகள் சுற்றுகின்றன, அவற்றில் நான்கு கிடைத்தால் நாம் நிற்கும் இடத்தைக் கணக்குப் போட்டுவிடலாம், திறந்த வெளியில் நாலைந்து மீற்றர்தான் முன்னே பின்னே இருக்கும் என்றெல்லாம் விளக்கினார். 2000 மே மாதம் வரைக்கும் அமெரிக்கா பொதுமக்களுக்கு வரும் சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பியது, அப்போது நூறு மீற்றர் வரை தவறிப் போகும் என்றும் சொன்னார்.

மாமா கோழிக்காலைக் கீழே வைத்தார். "வேணுமெண்டே பிழையாச் சொன்னவங்களா?"

"ஓம் மாமா. சரியான இடம் தங்களுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும் எண்டு."

"ம்ம்" என்றார் மாமா. அந்த வகுப்பில் அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

விடிந்ததும் கிளம்பினோம். முகத்துவாரம் வெளிச்சவீட்டுக்குப் போய்வருவது திட்டம். 1913இல் கட்டியது, பாலமீன்மடுப் பக்கம் இன்றும் வெள்ளையாக நிமிர்ந்து நிற்கிறது. கல்லடிப் பாலத்திலிருந்து வடமேற்கே தோணியில் கொஞ்ச நேரம்தான். அத்தான் அதன் இடக்குறிப்பை எங்கோ பார்த்துக் கருவியில் ஏற்றி வைத்திருந்தார். உயிர்காப்பு அங்கியை மாமா பணிவோடு வாங்கி, நாலாக மடித்து, எஞ்சின் பக்கத்தில் போட்டு, அதன் மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

பாலம் பின்னால் போனதும் அத்தானின் முகம் மாறியது. "மாமா, நாங்க பிழையான பக்கம் போறம். தென்மேற்குப் பக்கம் திருப்ப வேணும்."

"எவ்வளவு தூரமாம் மருமகன்?"

"நாற்பத்தஞ்சு கிலோமீற்றர்."

மாமா எஞ்சினைக் குறைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் போனதும் வலப்பக்கத் தென்னைகளுக்கு மேலால் வெளிச்சவீட்டின் தலை தெரிந்தது. மாமா தாடையால் அதைக் காட்டினார். "வெளிச்சவீடு அந்தா நிக்குது. உங்கட மெசின் ஏன் மருமகன் காட்டுக்குப் போகச் சொல்லுது? ஆனை பார்க்கவா?"

அக்காவின் மகன் கருவியை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான். வெளிச்சவீடு இருப்பது 7 பாகை 45 கலை வடக்கு, 81 பாகை 41 கலை கிழக்கு. அத்தான் அதை 7.45, 81.41 என்று தசமத்தில் அடித்துவிட்டார். ஒரு பாகைக்கு அறுபது கலை, நூறு இல்லை. 45 கலை என்றால் தசமத்தில் 0.75. அத்தான் அடித்த கணக்குப்படி வெளிச்சவீடு மகா ஓயாவுக்குப் பக்கத்துக் காட்டுக்குள் நின்றது. கருவி சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. கேட்ட இடத்துக்கு அது ஒழுங்காகத்தான் வழி காட்டியது.

வெளிச்சவீட்டைப் பார்த்தோம், படம் எடுத்தோம். அத்தான் முகத்துவாரம் வரைக்கும் போவோம் என்றார். வரைபடத்தில் வாவி கடலோடு சேரும் இடம் தெளிவாக இருக்கிறதாம். மாமா தலையை ஆட்டினார். அந்த மணல்திட்டு ஒரு வருசம் இருந்த இடத்தில் மறு வருசம் இருக்காது. வடகீழ்ப் பருவத்து மழையில் வாவி நிரம்பினால் வாய் திறக்கும், மழை ஓய்ந்தால் மணல் மூடும். திறந்திருக்கிற நாளில் இழுவை பொல்லாதது. படம் வரைந்தவன் வந்த நாளில் மணல் எங்கே கிடந்ததோ அதைத்தான் வரைந்திருப்பான். இந்த விஷயத்தில் அத்தான் மறுபேச்சுப் பேசவில்லை. அவர் நல்ல படகோட்டி, தண்ணீருக்குப் பயப்படத் தெரிந்தவர்.

திரும்பும்போதுதான் நேர்கோட்டுப் பிரச்சினை வந்தது. கருவியில் துறைக்கு ஒரு நேர்கோடு. மாமாவோ பாம்பு வளைவில் போகிறார். திரையில் எல்லா இடமும் ஒரே நீலம், அப்புறம் ஏன் இந்தச் சுற்று என்று அத்தான் கேட்டார். மாமா ஒரு நிமிடம் யோசித்தார். "சரி மருமகன், நீங்க சொல்ற மாதிரியே போவம்" என்றார். மாமா இவ்வளவு சீக்கிரம் இணங்கினால் கவனமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

கண்டல் ஓரமாகக் கொஞ்சத் தூரம் போனோம். எஞ்சின் விசிறி புல்லை வாரிச் சுற்றிக்கொண்டு இருமியது. அடுத்ததாகத் தோணியின் அடி, சத்தமே இல்லாமல், சேற்றில் ஏறி உட்கார்ந்தது. நீலம் என்றால் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு இருக்கிறது என்று அந்த நீலம் சொல்லாது. அங்கே முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது.

அத்தான் ஜீன்சோடு இறங்கினார். வலது கால் இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது. இழுத்து வெளியே எடுத்தபோது கால் மட்டும் வந்தது, கனடாச் செருப்பு வரவில்லை. குனிந்து தோள்வரை கையை விட்டுத் துழாவினார். ஒரு செருப்பு கிடைத்தது. பார்த்தால் அது வேறு யாருடையதோ. கழுத்தில் தொங்கிய கருவியில் அம்புக்குறி கிறுகிறுவென்று சுற்றியது. வடக்கு என்றது, தெற்கு என்றது, பிறகு வானத்தைப் பார்க்கும் கோழி மாதிரி நின்றுவிட்டது.

"இதுக்கு என்ன பிடிச்சிட்டு?" என்றார் மாமா.

பெடியன்தான் விளக்கம் சொன்னான். ஜிபிஎஸ் நாம் நிற்கும் புள்ளியைத்தான் கணக்குப் போடும். எந்தப் பக்கம் போகிறோம் என்பதை ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு நகர்வதை வைத்துத்தான் சொல்லும். நகராமல் நின்றால் அதற்குத் திசையே தெரியாது.

"அப்ப நகரச் சொல்லு உன்ட அப்பாவ" என்று மாமா நீண்ட கம்பை எடுத்து ஒரே ஊன்றில் தோணியைப் பின்னுக்கு எடுத்தார். அத்தான் ஒற்றைச் செருப்போடு ஏறினார்.

பகல் சாப்பாட்டுக்கு ஏதாவது பிடிப்போம் என்று மாமா தன் இடத்துக்குப் போக முடிவெடுத்தது அவருடைய நல்ல மனசு. மருமகன் சேற்றில் விழுந்தது அவரைக் கொஞ்சம் சுட்டிருக்க வேண்டும். இடம் நெருங்கியதும் எங்களைப் பார்த்து, போனெல்லாம் உள்ளே வையுங்கள் என்றார். அத்தானின் கருவியை வாங்கித் தன் சாரத்து மடிப்பில் சுற்றி இறுக்கி முடிந்தார்.

"மாமா, மேல நிக்கிற செய்மதிக்கு நாங்க எங்க நிக்கிறம் எண்டு தெரியாது" என்றார் அத்தான். "வானொலி பாடுறது எங்களுக்குக் கேக்கும், நாங்க வீட்டில கதைக்கிறது வானொலி நிலையத்துக்குக் கேக்குமா? அது மாதிரித்தான். அது சொல்லும், இது கேக்கும். அவ்வளவுதான்."

அத்தனையும் உண்மை. ஆனால் இது கேட்டதோடு நிற்காமல் போன வழியைக் கோடாக எழுதியும் வைக்கும் என்பதை அத்தான் சொல்லவில்லை. சாரத்துத் துணி அந்தச் சிக்னலைத் தடுக்காது என்பதும் மாமாவுக்குத் தெரியாது. தோணி நெடுநேரம் அங்கேயே மிதந்து திரிந்தது. இறால் பட்டது. என்ன இறால்! வாலடியில் நீலம் ஓடிய, உள்ளங்கைக்குள் அடங்காத இறால். தோணியின் அடித்தட்டில் அவை துள்ளிய சத்தத்தில் அத்தான் செருப்பை மறந்தே போனார்.

வரும் வழியில் மழை பிடித்தது. பாலம், கோபுரம், தென்னை எல்லாம் ஒரே சாம்பலுக்குள் போய்விட்டன. பெடியனின் போனில் நீலப் புள்ளி தெரிந்தது, அதைச் சுற்றி வெறும் சாம்பல் கட்டங்கள். தகப்பன் சொல்லச் சொல்லப் படத்தைத் தரவிறக்காமல் வந்திருக்கிறான். ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா தேவையில்லை, படத்துக்குத்தான் தேவை. அத்தான் திரையைக் கையால் மூடிப் பிடித்து, காலையில் நாங்கள் வந்த கோட்டைத் திருப்பிப் படித்தார். மாமா வழக்கம் போலக் காதில் மோதும் காற்றை வைத்து ஓட்டினார். கொஞ்ச நேரம் போனது. மாமா முகத்தைத் திருப்பாமலேயே, "பாலம் எவ்வளவு தூரம் மருமகன்?" என்று கேட்டார். "அறுநூறு மீற்றர்." "ம்ம், நானும் அப்படித்தான் நினைச்சன்." உட்கார்ந்திருந்த அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டதும் அப்போதுதான். குளிருக்காம்.

அன்று இரவு அத்தான் செய்தது ஒரே ஒரு வேலை. போன வழியின் படத்தைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டார். மாமாவோடு இனிய பயணம் என்று எழுதி மூன்று இதயம் வேறு. கல்லடியிலிருந்து வெளிச்சவீடு வரை அழகான சிவப்புக் கோடு. திரும்பும் வழியில் ஓரிடத்தில் மட்டும் அந்தக் கோடு நூல் சிக்கியது போல் ஒரே முடிச்சாகக் கிடந்தது. அதைப் பெருப்பித்துப் பார்க்கக் கல்முனை முதல் சுவிஸ் வரைக்கும் ஒருவரும் தவறவில்லை.

அடுத்த நாள் விடிய மாமா தன் இடத்துக்குப் போனால், அங்கே நாலைந்து தோணி. எல்லாவற்றிலும் சொந்தக்காரர். பெரியம்மாவின் மகன் கையை ஆட்டி, "வாங்க மாமா, இதால வாங்க" என்று இடம் வேறு காட்டினாராம்.

அத்தானோடு மாமா சண்டை பிடிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் இறால் குழம்பை மட்டும் அவர் பக்கம் நகர்த்தாமல் இருந்தார். பிறகு அக்காவின் மகனைக் கூப்பிட்டு முற்றத்தில் இருத்தி, துணி தடுக்காவிட்டால் எது தடுக்கும் என்று விசாரித்தார். உலோகம் தடுக்கும் என்றான் அவன். மாமி தன் அலுமினியச் சட்டியை, மூடியோடு, அதற்குப் பிறகு காணவில்லை என்கிறா.

அத்தான் கனடாவுக்குப் போக முதலே கருவியை மாமாவிடம் கொடுத்துவிட்டார், பாவமன்னிப்பு மாதிரி. ஒருநாள் பின்னேரம் மாமா பெடியனையும் பிளாஸ்க்கில் தேத்தண்ணியையும் ஏற்றிக்கொண்டு தோணியை எடுத்தார். வாவியின் மேற்குக் கரையான படுவான் பக்கம் ஒரு மூலை இருக்கிறது, சேறும் புல்லும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. அதன் விளிம்பில், தோணி மிதக்கிற அளவு தண்ணீரில், மணிக்கணக்காகச் சுற்றிச் சுற்றி வந்தார்களாம். "நல்லாச் சிக்கலாக்கு மனே, நூல் பந்து மாதிரி வரவேணும்" என்று சொல்லிக்கொண்டே தேத்தண்ணி குடித்திருக்கிறார். அன்று இரவு குடும்பக் குழுவில் மாமாவின் பெயரில் முதன்முதலாக ஒரு படம் விழுந்தது. சிவப்புக் கோடு, ஓரிடத்தில் பெரிய முடிச்சு. கீழே, "இண்டைக்கு நல்ல பாடு."

விடியற்காலை மாமாவின் போன் அடித்தது. நானும் அங்கே திண்ணையில்தான் இருந்தேன். பெரியம்மாவின் மகன், குரல் மூச்சு வாங்குகிறது. தோணி சேற்றில் ஏறிவிட்டதாம், இறங்கித் தள்ளப் பயமாக இருக்கிறதாம், முதலை இருக்குமாமே, வந்து இழுத்துவிட முடியுமா என்று கேட்கிறார்.

மாமா தேத்தண்ணியை ஒரு வாய் உறிஞ்சினார். "அதுக்கென்ன மனே, உடனே வாறன். எங்க நிக்கிறாய்? லொகேஷன அனுப்பு."