காலாங் கச்சேரிக்குப் போகிறவர்கள் திரும்பி வரும் வழியை முதலில் பாருங்கள்

காலாங்கில் இருக்கும் சிங்கப்பூர் தேசிய விளையாட்டரங்கில் 55,000 இருக்கைகள். கச்சேரி முடிந்து விளக்குப் போட்டதும் பெருங்கூட்டம் வாசலை ஒட்டியே இருக்கும் ஸ்டேடியம் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தை நோக்கித்தான் நடக்கும். அந்த நிலையம் வட்டப் பாதையில் இருக்கிறது. வட்டப் பாதையில் ஓடும் ரயிலுக்கு மூன்றே பெட்டிகள். நெரிசலுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. நடைமேடை நிரம்பி வழியக் கூடாது என்று ஊழியர்கள் கூட்டத்தை வெளியிலேயே நிறுத்தி, பகுதி பகுதியாக உள்ளே விடுவார்கள். மூன்று மணி நேரம் ஆடிப் பாடிய கால்களோடு அந்த வரிசையில் நிற்பதுதான் அன்றைய இரவின் மிக மோசமான பகுதி. அதைத் தவிர்க்கவும் முடியும்.

எதிர்ப்பக்கம் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் காலாங் நிலையம். அது கிழக்கு-மேற்குப் பாதை. ஆறு பெட்டி ரயில். ஒரு ரயில் வந்தால் இரண்டு மடங்குக் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போகும். நம்மூரிலிருந்து போகிறவர்கள் பலரும் தேக்காவில்தான், அதாவது லிட்டில் இந்தியாவில்தான், அறை எடுப்பார்கள். அவர்களுக்கு வழி இன்னும் சுலபம்: காலாங்கில் ஏறினால் லாவெண்டர், அடுத்தது பூகிஸ், அங்கே இறங்கி டவுன்டவுன் பாதைக்கு மாறினால் ரோச்சோர், அடுத்தது லிட்டில் இந்தியா. கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும், நிலையத்துக்கு நிலையம் நேரம் மாறும். உங்கள் நிலையத்தின் கடைசி ரயில் நேரத்தைக் காலையிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கிராப் செயலியில் வாடகை வண்டி கூப்பிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதே நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் அதே பொத்தானை அழுத்துவார்கள், கட்டணம் எகிறும், வண்டியும் அரங்கத்துக்குப் பக்கத்தில் வர முடியாமல் எங்கேயோ நிற்கும். வண்டிதான் வேண்டும் என்றால் கொஞ்ச தூரம் நடந்து தள்ளிப் போய்க் கூப்பிடுங்கள்.

இனி டிக்கெட். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். காலை 10 மணிக்கு விற்பனை என்று போட்டிருந்தால் நமக்கு 7.30. பல பேர் தவறவிடுவது இதில்தான். இணைய வரிசையில் முந்தியே போய் உட்கார்ந்தால் முதல் இடம் கிடைக்கும் என்பது வெறும் நம்பிக்கை. காத்திருப்புப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு, விற்பனை திறக்கும் நொடியில் பெரும்பாலும் குலுக்கல் முறையில்தான் எண் விழும். எண் விழுந்த பிறகு பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்யாதீர்கள், இடம் போய்விடும். அதைவிட முக்கியம் அட்டை. இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமாக இயக்கிவிட வேண்டும். முந்தைய நாளே வங்கிச் செயலியில் அதைச் செய்து, வரம்பையும் உயர்த்தி வையுங்கள். இருக்கையைத் தேர்ந்தெடுத்த பிறகு பணம் கட்ட சில நிமிடங்கள்தான் தருவார்கள். அட்டை மறுக்கப்பட்டால் இருக்கை இன்னொருவருக்குப் போய்விடும்.

விலை அதிகமானால் காட்சியும் நன்றாக இருக்கும் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. களத்தில் போடும் நாற்காலிகள் சமதரையில் இருக்கும். முதல் பத்து, பதினைந்து வரிசையைத் தாண்டினால் முன்னால் நிற்பவரின் முதுகையும் அவர் தூக்கிப் பிடித்த போனையும்தான் பார்க்கலாம். சற்றே உயரம் குறைந்தவர்களுக்கு அந்தப் பணம் தண்டம். அதே விலைக்கோ அதற்குக் குறைவாகவோ கீழ்த்தட்டின் பக்கவாட்டு இருக்கைகள் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்: படி வைத்து உயர்ந்திருக்கும், மேடையும் பக்கம். மேடைக்கு நேர் எதிர்க்கோடியில் மேல்தட்டில் உட்கார்ந்தால் பாடகர் தீக்குச்சி அளவுதான். அங்கே நீங்கள் பார்ப்பது திரையை. ஆனால் ஒளியமைப்பை முழுசாகப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. 2024 ஜனவரியில் கோல்ட்ப்ளே ஆறு இரவு இங்கே வாசித்தபோது கூட்டத்தின் கையிலிருந்த மின்னும் பட்டைகள்தான் பாதிக் காட்சி. அதைக் களத்தில் நிற்பவர் பார்க்கவே முடியாது.

மேல்தட்டில் இன்னொன்றும் தெரியும். பாடகரின் வாய் அசைந்து சற்றுப் பிந்திச் சத்தம் வருவது போலிருக்கும். யாரும் ஏமாற்றவில்லை, ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும், நூறு மீட்டர் தள்ளி இருப்பவருக்குக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நொடி தாமதம். கூடவே கூரை ஒரு சிக்கல். 310 மீட்டர் அகலக் குவிமாடம், கச்சேரிக்குப் பெரும்பாலும் மூடியிருக்கும். கைதட்டலும் தாளமும் அதில் முட்டித் திரும்பும். துல்லியமான ஒலி வேண்டும் என்பவர்கள் ஒலிக்கலவை மேசை எங்கே வருகிறது என்று இருக்கை வரைபடத்தில் பார்த்து, அதன் அக்கம்பக்கத்தில் இடம் பிடிக்க வேண்டும். ஒலிப் பொறியாளர் தன் காதுக்கு ஏற்றபடிதானே சரிசெய்வார்!

பக்கத்திலேயே இருக்கும் உள்ளரங்கத்தை (சிங்கப்பூர் இண்டோர் ஸ்டேடியம்) இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே வடிவமைத்து 1989-இல் திறந்தது. சுமார் 12,000 பேர் கொள்ளும். ஒலி பெரிய அரங்கைவிடக் கட்டுக்குள் இருக்கும். முழுக்கக் குளிரூட்டியது, பெரியவர்களுக்கு ஒரு சால்வை வேண்டும். பெரிய அரங்கில் இருக்கைகளின் அடியிலிருந்து குளிர்காற்று வரும்படி அமைத்திருக்கிறார்கள், களத்தில் நெருக்கியடித்து நிற்பவர்களுக்கு அது அவ்வளவாக எட்டாது. நிற்கும் டிக்கெட் எடுத்தவர்கள் மயங்கி விழுவதற்குக் காரணம் வெயிலில் வரிசை நின்றது, தண்ணீரைக் குறைத்தது, முட்டியை விறைப்பாக வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. கழிப்பறைக்குப் போனால் இடம் போய்விடுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது மகா தப்பு. மூச்சு முட்டினால் இரண்டு கையையும் மார்புக்கு முன் வைத்து இடம் பண்ணிக்கொண்டு, கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல் சாய்வாகப் பக்கவாட்டில் நகருங்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கும் காவலரைப் பார்த்துக் கையாட்டினால் தூக்கி எடுத்துவிடுவார்.

காது அடைப்பான் பற்றிப் பேசினால் நம்மவர்கள் சிரிப்பார்கள். 100 டெசிபலில் பாதுகாப்பாகக் கேட்கக்கூடிய நேரம் 15 நிமிடம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. கச்சேரி அந்த அளவை எளிதில் தொடும். மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பானே போதும், பாட்டு கேட்கும், மறுநாள் காதில் ரீங்காரம் இருக்காது. குழந்தைகளுக்குத் தலையில் மாட்டும் காதுக்கவசம் கட்டாயம்.

பை சின்னதாக இருக்கட்டும், ஏ4 தாள் அளவு போதும். வெளிச் சாப்பாடு, கழற்றி மாட்டும் லென்ஸ் உள்ள கேமரா, செல்ஃபி குச்சி எல்லாம் வாசலிலேயே பிரச்சினை. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி பட்டியல் மாறும், அதனால் உங்கள் டிக்கெட்டுக்கு வரும் மின்னஞ்சலை முழுசாகப் படியுங்கள். மின்சிகரெட் மட்டும் வேண்டவே வேண்டாம். சிங்கப்பூரில் அதை வைத்திருப்பதே குற்றம்.

2023 செப்டம்பரில் சென்னை ஈசிஆரில் நடந்த ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரியில் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போக முடியாமல் திரும்பியவர்களுக்கு ஒரு பயம் இருக்கும். இங்கே எண் போட்ட இருக்கை உங்களுடையது. மதியமே போய் வெயிலில் காய வேண்டாம், ஒரு மணி நேரம் முன்னால் போனால் போதும். டிக்கெட்டில் எந்த வாசல் என்று எழுதியிருக்கும், தப்பான வாசலுக்குப் போனால் அந்த வட்டத்தைப் பாதி சுற்ற வேண்டியிருக்கும். மின்-டிக்கெட்டை அறையில் இருக்கும்போதே போனில் திறந்து தயாராக வையுங்கள், அரங்க வாசலில் இணையம் தவழும்.

கச்சேரி முடிந்த பிறகும் அதே கதைதான்: ஆளுக்கு ஆள் போன் போட்டுக்கொண்டிருப்பார்கள், ஒருவருக்கும் கிடைக்காது. தனித்தனி இருக்கையில் உட்கார்ந்தவர்கள் சந்திக்கும் இடத்தை உள்ளே போகும் முன்பே முடிவு செய்யுங்கள். ‘மெயின் கேட்’ என்று சொல்லி வைக்காதீர்கள். அப்படி ஒன்று கிடையாது. வாசல் எண்ணையோ, ஒரு கடைப் பெயரையோ சொல்லுங்கள்.