கேட்டதுக்கு மட்டும்

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க பாட்டி. சிலோன் கதையெல்லாம் இங்க வேண்டாம்.”

தாலுகா ஆபீஸ் வாசலில் குடையை மடக்கிக்கொண்டே இதைச் சொன்னேன். அதட்டவில்லை. பஸ் ஏறும்போது பிள்ளையிடம் ‘கையைப் புடிச்சுக்கோ’ என்போமே, அந்த மாதிரிதான். அவரும் சரி என்று தலையாட்டினார். பந்தலூர் பக்கத்து ஜூன் மழை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, மடியில் ஒரு பிளாஸ்டிக் பையோடு ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பேரனுக்குச் சாதிச் சான்றிதழ் விசாரணை. மகன் உயிரோடு இல்லை, மருமகள் கேரளாவில் வேலைக்கு இருந்தார். வந்து சொல்ல அந்த வீட்டில் மிச்சமிருந்த பெரியவர் அவர் ஒருவர்தான்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, ஆபீஸுக்கும் கூடப் போய்வருவது என் வேலை. அப்போது அதில் நான்கு வருடம் ஓடியிருந்தது. எதைச் சொன்னால் காரியம் நடக்கும், எதைச் சொன்னால் கோப்பு திரும்பி வரும் என்பதெல்லாம் அத்துப்படி. முந்தின வருடம் வேறொரு லைனிலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, ஒரு தாத்தாவை அழைத்துப் போயிருந்தேன். பூர்வீகம் எது என்று கேட்டதற்கு அவர் இலங்கையில் இருக்கிற அட்டனிலிருந்து ஆரம்பித்தார். 1948-இல் சட்டம் போட்டு அங்கே குடியுரிமை இல்லாமல் ஆக்கியது, எந்த நாட்டுக்காரன் என்றே தெரியாமல் பல வருடம் கிடந்தது, இத்தனை பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று இரண்டு நாடும் போட்ட 1964 ஒப்பந்தம், கண்டிக்குப் போய் கியூவில் நின்றது என எல்லாம் சொன்னார். ஒரு வார்த்தை பொய்யில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர் ‘இலங்கையைச் சேர்ந்தவர்’ என்று எழுதிவிட்டார். அதைத் திருத்தி வாங்குவதற்குள் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்வி உதவித்தொகைக்கான தேதி முடிந்துபோனது. அப்புறம்தான் எல்லாரிடமும் இதைச் சொல்ல ஆரம்பித்தேன். பூர்வீகமா, திருச்சி ஜில்லா, துறையூர்ப் பக்கம், இன்ன ஊர். அவ்வளவு போதும்.

அன்றைக்கு விசாரித்த அதிகாரி நல்ல மனிதர். அதனால்தான் இது இன்னும் உறுத்துகிறது. பாட்டி பையிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். அதற்குள் பாலிதீன் சுற்றி பழைய பாஸ்போர்ட். புருஷன், அவர், அவர் இடுப்பில் ஒரு பிள்ளை, மூன்று பேரும் நிற்கிற படம். முத்திரையின் விளிம்பு பிள்ளையின் கால்மேல் விழுந்திருந்தது. அதிகாரி தாள் கிழிந்துவிடாமல் விரல் நுனியால் பக்கம் பக்கமாகப் புரட்டினார். துறையூர்ப் பக்கத்துக் கிராமத்தின் பெயர் இருந்தது. குறித்துக்கொண்டார். பேனாவை மூடினார், கோப்பையும் மூடினார். அதற்கு அப்புறம்தான் கேட்டார்.

“இதுல இருக்கறது உங்க வீட்டுக்காரர் தோட்டம். நீங்க பொறந்த தோட்டம் எது பாட்டி?”

மனுவுக்காகக் கேட்ட கேள்வி இல்லை அது. மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார். பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் அவரைப் பார்த்தார்.

“மறந்துபோச்சுங்கய்யா. ரொம்பக் காலமாச்சு.”

நான் பேசாமல் இருந்தேன். ‘சும்மா சொல்லுங்க பாட்டி’ என்று சொல்லியிருக்கலாம், மூன்றே வார்த்தை. கோப்பு மூடியாகிவிட்டது, இனி எந்த ஆபத்தும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அப்போது என் மனதில் இருந்ததைச் சொன்னால், வேலை முடிந்ததே என்ற நிம்மதிதான்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தோம். பாதி வழியில் கேட்டார். “தம்பி, சரியாச் சொன்னேனா?”

“ரொம்பச் சரியாச் சொன்னீங்க பாட்டி.”

அவருக்கு எதுவும் மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். மனுவை நிரப்ப அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த நாட்களில் பேசிக்கொண்டே இருப்பார். பிறந்தது மஸ்கெலியாப் பக்கம். ‘எங்க மலை கவ்வாத்து வெட்டுன மாசம்’, அதாவது தேயிலைச் செடியைக் கழித்துவிட்ட மாதம் என்று அவருடைய அம்மா சொன்னதுதான் அவருக்குப் பிறந்த தேதி. சின்ன வயதில் சம்பள நாளுக்கு அப்பாவோடு போன கடைவீதி, 1969-இல் மவுசாக்கலை அணை வந்தபோது தண்ணீருக்குள் போய்விட்டது. தண்ணீர் வற்றினால் பழைய கோயில் மேலே தெரியுமாம். சொல்லும்போது உள்ளங்கையைக் கவிழ்த்துத் தண்ணீர் மட்டம் காட்டுவார், மற்ற கையின் ஒரு விரலை அதற்கு மேலே நிறுத்துவார், அது கோபுரம். கொழுந்துக் கூடையின் கயிறு பதிந்து பதிந்து அவருடைய உச்சந்தலையில் ஒரு விரல் அகலத்துக்கு முடியே இல்லை. இங்கே கத்தரி வைத்து வெட்டுவது அவருக்குப் பிடிக்காது. “அது கொழுந்து எடுக்கறதா தம்பி? ஆட்டுக்குத் தழை ஒடிக்கறது.”

தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்து, அப்புறம் ஒரு தடவை துறையூர்ப் பக்கம் அந்தப் பூர்வீக ஊருக்குப் போயிருக்கிறார்கள். புருஷனின் தாத்தா பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. கோயில் மண்டபத்தில் மூன்று ராத்திரி படுத்திருந்துவிட்டு, அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் வேலை என்று கேள்விப்பட்டு மலையேறினார்கள். அந்த ஊரைத்தான் நான் பூர்வீகம் என்று சொல்லச் சொன்னேன். காகிதத்தில் அதுதான் இருக்கிறது. சட்டப்படியும் அதுதான் சரி.

இந்த இடத்துக்கு வந்தால் என்னால் ஒரு முடிவுக்கு வர முடிவதில்லை. நான் சொன்னதில் தப்பில்லை என்று ஒரு நாள் தோன்றும். சான்றிதழ் பதினைந்து நாளில் வந்தது, பையன் கோயம்புத்தூரில் படித்தான், அவருக்கு வேண்டியிருந்ததும் அதுதான். ஆபீஸ் நாற்காலி முன்னால் நின்றுகொண்டு மொத்த வாழ்க்கையையும் யாரிடமோ அவிழ்த்துக் காட்ட வேண்டிய கட்டாயம் ஒருவருக்கும் இருக்கக் கூடாது. ஒருவேளை அவருக்கே அதைச் சொல்ல விருப்பமில்லையோ? அங்கே கள்ளத்தோணி என்றும் இங்கே சிலோன்காரி என்றும் கேட்டுக் கேட்டு, எங்கே வாயை மூட வேண்டும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவராக இருக்கலாம். ஆனால் பதில் சொல்வதற்கு முன் என்னைப் பார்த்தாரே. அந்தப் பார்வைக்கு என்னிடம் சமாதானம் இல்லை. அவ்வளவு வயதானவர் பஸ்ஸில் என்னிடம் மார்க் கேட்டதற்கும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து அவர் இறந்தார். பேரன் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வாசகம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தான். ஆதாரைப் பார்த்துத் தோற்றம் 01.01.1946 என்று எழுதினேன். அந்த லைனில் பாதிப் பேர் ஜனவரி 1-இல் பிறந்தவர்கள். “அப்பாயி பொறந்த தோட்டத்துப் பேரையும் போடணும்ணா” என்றான் பையன். என்ன பேர் என்று கேட்டேன். “‘மேக்கணக்கு’ன்னுதான் சொல்லும்.” கணக்கு என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு. எல்லாத் தோட்டத்திலும் ஒரு மேக்கணக்கு உண்டு, ஒரு கீழ்க்கணக்கு உண்டு. தோட்டத்தின் பெயரை அவர் என்னிடம் இரண்டு தடவையாவது சொல்லியிருப்பார். நான் மனுவில் அடுத்த கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்திருப்பேன். ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதியது 5,25,000 பேர், 1974-இல் இன்னும் 75,000 பேர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மனப்பாடம் செய்த இந்த எண்கள் இன்றும் தூக்கத்தில் கேட்டால் வரும். அந்த ஒரு பெயர் வரவில்லை. போஸ்டர் அது இல்லாமலே ஒட்டப்பட்டது.

இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். மனு எழுதப் போகிற வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தோட்டம், கணக்கு, கங்காணி பெயர், கப்பல் ஏறிய வருடம் எல்லாம் கேட்டு எழுதுகிறேன். அறுபது பேருக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு அம்மா, எதுக்கு இது, பணம் ஏதும் வருமா என்று கேட்டார். வராது என்றேன். அப்படியும் சொன்னார், இருட்டும்வரை சொன்னார். இது அவர்களுக்காகவா, எனக்காகவா என்று அன்றைக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன்.

போன மாதம் ஒரு தாத்தாவை விசாரணைக்கு அழைத்துப் போனேன். நோட்டில் நான்கு பக்கம் அவருடையது. அதே வாசலில் நின்றோம். நான் அதே வாக்கியத்தைத்தான் சொன்னேன்.

“அப்ப எந்த ஊருன்னு சொல்றது தம்பி?” என்றார்.

முசிறிப் பக்கத்து ஊரின் பெயரைச் சொன்னேன். முதல் தடவை அவர் வாயில் அது சரியாக வரவில்லை. இன்னொரு தடவை சொல்ல வைத்துவிட்டு உள்ளே கூட்டிப்போனேன்.