எல்லா டொமைனுக்கும் ஒரே சோன் ஃபைல்

"ஒரு புள்ளி விட்டுப்போனா எல்லா டொமைனும் சேர்ந்து படுத்துடாதா சார்?"

"படுத்தா உடனே தெரியும், உடனே சரி பண்ணலாம்." எல்லா வாடிக்கையாளர்களின் டொமைன்களுக்கும் ஒரே சோன் ஃபைல், அதாவது டொமைன் பெயருக்கு உரிய முகவரி விவரங்களை வைத்திருக்கும் ஃபைல், போதும் என்றபோது வந்த கேள்வி அது. அன்றைக்கு நான் சொன்ன இந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

முறை எளிது. ஒரே வெப் சர்வர், ஒரே மெயில் சர்வர் என்றால் ரெக்கார்டுகளும் ஒன்றே. ஃபைலுக்குள் வாடிக்கையாளரின் டொமைன் பெயரை எங்குமே எழுதாமல் '@' போட்டுவிட்டால், பைண்ட் (டொமைன் பெயருக்கு முகவரி சொல்லும் சர்வர் மென்பொருள்) அந்தப் பெயரைத் தன் அமைப்பு ஃபைலான நேம்ட்.கான்ஃபின் சோன் வரியிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஐபி மாறுகிறதா? முதல் நாளே டிடிஎல்லை, அதாவது மற்ற சர்வர்கள் பதிலை நினைவில் வைக்கும் விநாடிகளை, 86400-லிருந்து 300-க்குக் குறைத்து, மறுநாள் ஒரு வரியைத் திருத்தி, சீரியலை (ஃபைலின் பதிப்பு எண்ணை) கூட்டி ரீலோட் செய்தால் போதும்.

புள்ளி விஷயத்துக்கு வருவோம். நேம்சர்வர் பெயரின் கடைசியில் புள்ளி இல்லையென்றால் வாடிக்கையாளரின் டொமைன் அதன் வாலில் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒரு பெயருக்கு முகவரி இருக்காது. ஃபைலைச் சோதிக்கும் செக்சோன் கருவி பிழை என்று நிறுத்திவிடும். இதை நம்பித்தான் அந்தப் பதில். ஆனால் ஃபைலில் நட்சத்திர வரி, அதாவது தனியாக எழுதாத எந்த சப்டொமைனுக்கும் வெப் சர்வரின் முகவரியைத் தரும் வைல்ட்கார்டு, இருந்தால் வால் முளைத்த பெயருக்கும் முகவரி கிடைத்துவிடும். மெயில் சர்வரைக் காட்டும் எம்எக்ஸ் வரியில் இது நடந்தால் அத்தனை டொமைன்களின் மெயிலும் சத்தமில்லாமல் வெப் சர்வரின் கதவைத் தட்டும். உடனே தெரியும் என்பது அங்கே பொய்.

தனித்தனி ஃபைலாக இருந்திருந்தால்? அவற்றையும் ஸ்கிரிப்ட்தானே எழுதும். டெம்ப்ளேட்டில் விட்ட புள்ளி எல்லாவற்றிலும்தான் விட்டுப்போகும். இப்படிச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். கையால் திருத்துகிற இடத்தில் அது செல்லாது.

பொது ஃபைல் எல்லா இடத்துக்கும் ஒத்துவராது என்பதும் உண்மை. செகண்டரியில், அதாவது முதல் சர்வரிலிருந்து நகல் எடுத்து வைக்கும் நேம்சர்வரில், ஒவ்வொரு சோனுக்கும் தனி ஃபைல் வேண்டும். பைண்ட் எழுதுகிற ஃபைலை இரண்டு சோன்கள் பகிர அது விடாது. சர்வர் ஓடும்போதே ரெக்கார்டுகளை மாற்றும் டைனமிக் அப்டேட்டுக்கும் இதே விதி. மெயிலை வெளியே கொண்டுபோகிற வாடிக்கையாளருக்கும் தனி ஃபைல்தான். செகண்டரியில் சோன் வரிகளைக் கையால் சேர்க்கும் வேலையைத் தவிர்க்க மட்டும் கேட்டலாக் சோன் (சோன்களின் பட்டியலைச் செகண்டரிக்குக் கொடுக்கும் சோன்) இருக்கிறது: பைண்ட் 9.11-லேயே வந்தது, 2023-இல் ஆர்எஃப்சி 9432 என்ற இணையத் தர ஆவணம் ஆனது.

நட்சத்திர வரியையே எடுத்துவிட்டால்? அதை நம்பி யார் எந்த சப்டொமைனை ஓட்டுகிறார்கள் என்று சோன் ஃபைல் சொல்லாது. வருகிற கேள்விகளைப் பதியும் குவரி லாகைக் கொஞ்ச நாள் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை மட்டும் திறக்கிற சப்டொமைன் அதிலும் சிக்காமல் போகலாம்.