ஐந்தா, பதினைந்தா

"பதினஞ்சு எத்தினி சார்?"

குடியாத்தம் கூடைப்பந்து அணியின் கோச் மேஜைக்கு முன்னால் வந்து நின்று கேட்டார். வேலூர் அணியின் பதினைந்தாம் நம்பர் பையனுக்கு எத்தனை ஃபவுல் என்று அர்த்தம். ஐந்து ஆகிவிட்டால் அவன் ஆட்டத்தை விட்டு வெளியே போக வேண்டும். நாலாவது குவார்ட்டர், மூன்று நிமிடம்கூட இல்லை. கடிகாரம் நின்றிருந்தது. நான் ஸ்கோர் ஷீட்டைப் பார்த்து "நாலு" என்றேன்.

"நல்லா பாருங்க சார், அஞ்சு வரணும்."

"நாலுதான் சார்."

அவர் போய்விட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உதவி ஸ்கோரர், கல்லூரியில் படிக்கிற பெண், என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால் அவள் சொல்ல வேண்டியதை ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

நாலு அணி, ஆறு ஆட்டம், இரண்டு நாள். மே மாத வேலூர் வெயிலில் காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்துக்கு மேலும்தான் ஆட வைக்க முடியும். ஞாயிறு மாலை வந்தபோது வேலூர், குடியாத்தம் இரண்டும் ஆளுக்கு இரண்டு வெற்றி, நாலு புள்ளி. ஜெயிப்பவருக்குக் கோப்பை. ராத்திரி ஏழரைக்கும் சிமென்ட் தரை கொதித்துக்கொண்டிருந்தது.

விஷயம் நடந்தது மூன்றாவது குவார்ட்டரில். ரிங்குக்கு அடியில் குடியாத்தம் பையன் பந்தைப் போடும்போதே வேலூர் பையன் கையில் அடித்தான். கூடை விழுந்தது, விசிலும் வந்தது. கூடை செல்லும், கூட ஒரு ஃப்ரீ த்ரோ. ஃபவுல் செய்தவனின் நம்பரை ரெஃப்ரி மேஜையைப் பார்த்துக் கையால் காட்டுவார். ஐந்து என்றால் வலது கையை விரித்துக் காட்டுவார். பதினைந்து என்றால் இடது கை விரிந்திருக்கும், வலது கை மூடிய முஷ்டியாக இருக்கும். ஐந்தாம் நம்பர், பதினைந்தாம் நம்பர் இரண்டு பேருமே அந்த இடத்தில்தான் நின்றார்கள். நான் ஐந்துக்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு 'பி1' போட்டேன். ஒன்றும் மூன்றும் சிவப்பில் எழுத வேண்டிய குவார்ட்டர்கள்.

"சார், பதினஞ்சு இல்ல?" என்றாள்.

"அஞ்சும்மா. எழுதியாச்சு."

பன்னிரண்டு வருடமாக மேஜையில் உட்காருகிறேன். ஒவ்வொரு ஃபவுலுக்கும் எழுந்து நின்று கேட்டால் ஆட்டம் ஓடாது. யார் செய்தாலும் டீம் ஃபவுல் கணக்கு ஒன்றுதான் என்று அந்த நேரத்தில் மனசுக்குள் ஓடியதும் உண்மை. அப்புறம், எதிரணி ஸ்டாருக்கு ஒரு ஃபவுல் கூட்டிச் சொல்லாத கோச்சை நான் பார்த்ததில்லை. அவர் ஐந்து ஃபவுல் என்றதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

ஆனால் அவளும் அவரும் பேசி வைத்துக்கொண்டு சொல்லவில்லையே. தனித்தனியாக இரண்டு பேர்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ரெஃப்ரி கை காட்டத் தொடங்கியபோது நான் அவரைப் பார்க்கவில்லை. விழுந்த கூடைக்கு ஸ்கோர் வரிசையில் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது விரிந்த ஐந்து விரல் தெரிந்தது. அது எந்தக் கை? இன்னொரு கை மூடியிருந்ததா, கீழே இறங்கிவிட்டதா? அவர் வாயாலும் நம்பரைச் சொல்லியிருப்பார். மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. எதிரே நிற்பவரின் இடது நமக்கு வலது. வீட்டில் கண்ணாடி முன் நின்று இரண்டையும் செய்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக ஞாபகம் வருகிறது.

கடைசி இருபது விநாடியில் அந்தப் பதினைந்துதான் கூடை போட்டான். வேலூர் 61, குடியாத்தம் 60.

ரெஃப்ரி கையெழுத்துப் போடும்வரை ஷீட்டில் உள்ள எழுத்துப் பிழையைத் திருத்தலாம், விதியில் இருக்கிறது. அவர்தான் கடைசியாகப் போடுவார். எங்கள் நாலு பேர் கையெழுத்து முடிந்து ஷீட் அவர் கைக்குப் போகிறவரை எனக்கு நேரம் இருந்தது. "சார், மூணாவது குவார்ட்டர்ல அந்த ஃபவுல் அஞ்சா, பதினஞ்சா?" இவ்வளவுதான் கேட்டிருக்க வேண்டும். அதைவிட, கோச் வந்து நின்றபோதே ரெஃப்ரியைக் கூப்பிட்டிருக்கலாம். நான் பேப்பரில் இருந்ததைத்தான் சொன்னேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்டது பேப்பரில் என்ன இருக்கிறது என்றா?

தோற்ற அணிக்கு மஞ்சள் நகல். கிழித்துக் கொடுத்தேன். அவர் பார்க்கக்கூட இல்லை, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு "தேங்க்ஸ் சார்" என்று பையன்களைக் கூட்டிக்கொண்டு வேன் பக்கம் நடந்தார்.

இனிச் சந்தேகம் வந்தால் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சந்தேகமே வரவில்லை.

போன வாரம் அந்தப் பெண்ணுக்கு ஃபோன் செய்தேன். "அன்னைக்கு நீ பதினஞ்சுன்னு நல்லா பார்த்தியாம்மா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "இப்போ சரியா ஞாபகம் இல்ல சார்" என்றாள். நிஜமாகவே மறந்துவிட்டாளா, எனக்காகச் சொன்னாளா என்று கேட்காமலே ஃபோனை வைத்துவிட்டேன்.