மெத்தில் குழுவை எம்இசிபி2 எப்படிப் பிடிக்கிறது: 3சி2ஐ கோப்பைத் திறந்து பார்த்த குறிப்புகள்

புரத வடிவங்களைச் சேமிக்கும் பொதுத் தரவுத்தளமான பிடிபி-யிலிருந்து எடுத்த கோப்பு 3சி2ஐ. டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் காரத்தில் ஒட்டியிருக்கும் மெத்தில் குழுவை (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்) அடையாளம் காண்பது எம்இசிபி2. கோப்பில் இருப்பது மனித எம்இசிபி2 புரதத்தின் மெத்தில் பிணைப்புப் பகுதி, பிடிஎன்எஃப் ஜீனைச் சேர்ந்த ஒரு டிஎன்ஏ துண்டோடு. 2008-இல் வெளியானது, 2.5 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறன் (எண் சிறிதானால் படம் தெளிவு). பார்த்தது பைமால் என்ற மூலக்கூறு காட்டும் மென்பொருளில்.

முதல் சறுக்கல் திறந்த கையோடு வரும். பழக்கத்தில் ஹெட்டாட்டம் (வழக்கமான அமினோ அமிலமோ காரமோ அல்லாதவற்றின் அணு வரிகள்) எல்லாவற்றையும் நீக்கினால், தண்ணீரோடு மெத்தில் சைட்டோசினும் போய்விடும். கோப்பில் அதன் பெயர் 5சிஎம். சாதாரணக் காரங்களோடு சேராமல் ஹெட்டாட்டம் வரிகளில்தான் இருக்கிறது. பல் விழுந்த மாதிரி இழைக்கு ஒரு ஓட்டை தெரிந்தால் காரணம் இதுதான். தண்ணீரையும் இப்போதைக்குத் தொட வேண்டாம்.

5சிஎம் இரண்டையும் தேர்ந்தெடுத்து, சுற்றி 5 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருக்கும் அமினோ அமிலங்களை முழுசாகக் குச்சி வடிவில் காட்டவும். மெத்தில் கார்பனின் பெயர் சி5ஏ. அதை மட்டும் ஆரஞ்சு உருண்டையாக்கினால் கண் தேடாது. ஆர்ஜினின் 111, ஆர்ஜினின் 133 இரண்டும் டிஎன்ஏ ஏணியின் பெரும் பள்ளத்துக்குள் (இரு இழைகளுக்கு இடையே உள்ள அகன்ற பள்ளம்) விரல் நீட்டியபடி தெரியும். 111-ஐ அசையவிடாமல் ஆஸ்பார்ட்டிக் அமிலம் 121 பக்கவாட்டில் பிடித்திருக்கிறது.

அடுத்து எல்லோரும் செய்வது, ஹைட்ரஜன் பிணைப்புகளைப் புள்ளிக்கோடாகப் போடச் சொல்வது. ஆர்ஜினினிலிருந்து குவானினின் ஓ6, என்7 அணுக்களுக்கு 3 ஆங்ஸ்ட்ராம் அளவில் கோடுகள் விழும். அதோடு வேலை முடிந்ததாக நினைத்தால் ஏமாற்றம்தான். மெத்தில் இல்லாத சிஜியிலும் (சைட்டோசினை அடுத்துக் குவானின் வரும் இடம்) அதே குவானின் இருக்கிறதே! மெத்திலை நோக்கி ஒரு கோடும் விழாது. மெத்தில் ஹைட்ரஜன் பிணைப்பு போடும் ஆள் இல்லை.

படத்தைத் திருப்பி, ஆர்ஜினினின் தட்டையான குவானிடினியம் முனையை விளிம்பிலிருந்து பார்க்க வேண்டும். அதே இழையில் அடுத்த குவானினைப் பிடித்திருக்கும் ஆர்ஜினினின் முதுகில் மெத்தில் சாய்ந்திருக்கும். மெத்தில், ஆர்ஜினின், குவானின் மூன்றையும் உருண்டையாக்கினால் இடைவெளியே தெரியாது. குச்சிப் படத்தில் இது கண்ணில் படவே படாது.

கட்டமைப்பை வெளியிட்டவர்கள் முதலிடம் கொடுத்தது மெத்திலைச் சுற்றிய தண்ணீருக்கு. டைரோசின் 123 பக்கம் பார்த்தால் புரியும். ஆனால் 2.5 ஆங்ஸ்ட்ராமில் ஒரு தண்ணீர்ப் புள்ளியைக் கண்ணை மூடி நம்பக் கூடாது. எக்ஸ்ரே தரவிலிருந்து வரும் எலக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தை இறக்கி, 1 சிக்மா என்ற வரம்பில் அந்தப் புள்ளிக்குப் போர்வை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. சந்தேகம் தீர 4ஜிஇசட்என் கோப்பு இருக்கிறது: மெத்திலைப் பிடிக்கும் இன்னொரு புரதமான இசட்எஃப்பி57, 0.99 ஆங்ஸ்ட்ராம். அதில் ஒரு மெத்தில் ஆர்ஜினின் 178-இல் சாய்கிறது, மற்றதைத் தண்ணீர் வளைத்திருக்கிறது. ஆக இரண்டு வழியும் உண்மை.

சின்னச் சோதனை: தைமின் ஒன்றை 5சிஎம் வளையத்தின் மேல் ஆறு வளைய அணுக்களை வைத்துப் பொருத்தவும். இரண்டு மெத்திலும் ஒன்றன்மேல் ஒன்று விழும். பெரும் பள்ளத்தின் பக்கமிருந்து பார்க்கும் புரதத்துக்கு மெத்தில் சைட்டோசின் பாதி தைமின்தான்.

அமினோ அமிலத்தை மாற்றிப் பார்க்கும் மியூட்டாஜெனிசிஸ் கருவியில் ஆர்ஜினின் 133-ஐச் சிஸ்டீனாக்கினால் விரலே காணாமல் போகிறது. ரெட் நோயில் (எம்இசிபி2 பழுதால் வரும் மூளை வளர்ச்சிக் கோளாறு) காணும் மாற்றம் இது. அதே நோயில் அடிக்கடி மாறிப்போகும் த்ரியோனின் 158 அப்படியில்லை. மெத்திலிலிருந்து தள்ளி, ஒரு வளைவின் வடிவத்தைக் காப்பது அதன் வேலை.

மெத்திலைப் பிடிக்கும் வேறொரு புரதமான யுஎச்ஆர்எஃப்1-இன் 2இசட்கேடி கோப்பை இதன்மேல் பொருத்த முயல வேண்டாம். அது மெத்தில் சைட்டோசினை ஏணியிலிருந்தே வெளியே புரட்டி எடுத்துத் தன் குழிக்குள் வைத்துக்கொள்கிறது. தனிச் சாளரத்தில் திறக்கவும்.